மூக்கன் கொடுத்து வைத்த பெயர்

எங்கள் பாருஸ் பக்கத்தில் ஒரு மனிதனுடைய பெயரைக் காத்து வைத்திருக்கக் கூலி ஒரு சிவப்புச் சேவல். குலத்தலைவன் பெயருக்கும் அதே சேவல்தான், சுமை தூக்குகிறவன் பெயருக்கும் அதே சேவல்தான். நான் இரண்டு வாங்கினேன். சொன்ன விலைக்கு வாங்குவது எங்கள் குடும்பத்தில் கிடையாது என்பது இந்தத் துறைமுகத்தை ஆளும் டத்தோ நீங்கள் அறிந்த விஷயம். என் அப்பா நோயில் படுத்தபோது வைத்தியரிடம் பேரம் பேசி, பாதி விலைக்குப் பாதி மருந்து வாங்கிக் குடித்து, பாதி பிழைத்தார். மறு வருஷம் மீதிப் பாதியும் போயிற்று. அந்த ரத்தம்.

உட்காரச் சொல்லி வெற்றிலையும் கொடுத்திருக்கிறீர்கள். நன்றி. நாளைக் காலை தாருலியைக் கொண்டுபோக மலைக்காரர்கள் வந்துவிடுவார்கள் என்பதால் சுருக்கமாகவே சொல்லப் பார்க்கிறேன். தாருலி, காட்டில் கற்பூரம் எடுக்கிற மூக்கனின் தங்கை. அண்ணனின் பெயரை வாய்தவறிச் சொல்லி அவனைக் கற்பூர மரத்துக்குக் கொடுத்துவிட்டாள் என்பது அவள் மேல் இருக்கிற குற்றச்சாட்டு. நிரூபணமானால் ஒரு மரக்கட்டையில் பிணைத்துக் கடலில் தள்ளிவிடுவார்கள். பிடித்த நாளிலிருந்து கேட்ட எந்தக் கேள்விக்கும் அவள் வாயைத் திறக்கவில்லை. அவள் சொல்லாததைச் சொல்லத்தான் வந்தேன். அந்தப் பெயர் அவளிடம் இருக்கவே இல்லை. என்னிடம் இருந்தது.

எழுதிக்கொள்கிற ஐயா அச்சேவிலிருந்து வந்தவர் என்கிறார்கள். அவருக்காக வழக்கத்தைச் சொல்லிவிடுகிறேன். கற்பூரம் தேடிக் காட்டுக்குள் போகிறவன் பெயரோடு போகக் கூடாது. மரத்துக்குள் குடியிருக்கிற பெண் தெய்வம், பெயருள்ள எவனுக்கும் கற்பூரம் காட்டுவதில்லை. அதனால் கிளம்புகிற காலையில் வீட்டுப் பெண்ணின் உள்ளங்கையில் வாயை வைத்துத் தன் பெயரைச் சொல்லி, அவள் விரல்களை மடக்கி மூடிவிட்டுப் போவான். திரும்பி வந்ததும் அவள் கையை விரித்து அவன் காதோடு வைப்பாள். அதுவரைக்கும் அந்தப் பெயர் அவள் வாயில் வரக் கூடாது. ஊரில் வேறு யார் சொன்னாலும் அது வெறும் சத்தம். வைத்திருக்கிறவள் சொன்னால் காடு கேட்கும். அதனால்தான் மலைப் பெண்கள் புருஷனை ‘அங்கே போனவர்’ என்பார்கள், ‘வீட்டுக்காரர்’ என்பார்கள், பெயரை மட்டும் சொல்ல மாட்டார்கள். உப்பைக்கூட அந்த நாட்களில் இடிக்க மாட்டார்கள். வீட்டில் உப்பு பொடியானால் காட்டில் கற்பூரமும் பொடியாகத்தான் கிடைக்கும்.

மூக்கன் என்பது அவனுடைய காட்டுப் பெயர், கையில் கொடுத்து வைக்கிற சொந்தப் பெயர் வேறு. மற்றவர்கள் மரத்தைக் கோடரியால் கொத்திப் பார்த்துத் தெரிந்துகொள்வதை அவன் பட்டையில் மூக்கை வைத்தே சொல்லிவிடுவான். அந்த மூக்கு ஒன்றும் பெரிதில்லை. கொஞ்சம் கோணல், அவ்வளவுதான்.

முதல் தடவை அவன் என் கிடங்குக்குச் சரக்குக் கொண்டுவந்தபோது எல்லா மலைக்காரர்களையும் ஏமாற்றுவது போலத்தான் அவனையும் ஏமாற்றினேன். சரக்கை மூன்றாகப் பிரிப்போம். பல் என்கிற பெரிய கட்டி தலை, நடுத்தரம் வயிறு, பொடி கால். இவை எங்கள் தொழிலில் சாதாரணச் சொற்கள், யாரும் யோசித்துச் சொல்வதில்லை. சலிக்கும்போது சல்லடை விளிம்பில் கட்டை விரலால் ஒரு சின்ன அழுத்தம் கொடுத்தால் தலைப் பல் கொஞ்சம் வயிற்றுக் குவியலில் போய் விழும். என் அப்பா சொத்தாக விட்டுப்போனது அந்த அழுத்தம்தான். அவன் சல்லடையைப் பார்க்கவே இல்லை. என் கையைப் பிடித்து மூக்கருகே கொண்டுபோனான்.

“தரகரே, ஒங்க கட்ட விரல் மட்டும் தலை வாசன அடிக்குது. மத்த விரலெல்லாம் வயித்துலதான் இருக்கு.”

“வெரல மோந்து பாக்கத் தனிக் கூலி.”

“எவ்வளவு?”

“நீ எவ்வளவு தருவே?”

“மோந்து முடிச்சாச்சே. சாப்ட்ட பொறவு சோத்துக்குப் பேரம் பேசறவனா நீ?”

கையை அவன் உடனே விடவில்லை. நானும் உடனே இழுத்துக்கொள்ளவில்லை. அன்று அவனுக்குச் சரியான எடை கொடுத்து அனுப்பினேன். என் வியாபாரத்தில் அது முதல் தடவை.

அதன் பிறகு ஒவ்வொரு முறை சரக்கோடு இறங்கும்போதும் மழை நிற்கிறவரைக்கும் என் வீட்டில் தங்குவான். பாருஸில் மழை எப்போது நிற்கும் என்று உங்களுக்குத் தெரியும். மஞ்சளும் காட்டு மிளகும் அரைத்துப் போட்டு ஆற்றுக் கெண்டை சமைப்பான். எனக்கு நாக்கு மரத்துப்போகும். மரத்துப்போன நாக்கோடு பேரம் பேச முடியாது என்பதால் அந்த நேரம் பார்த்துத்தான் ஏதாவது கேட்பான். கடைத்தெருவில் கேலி பேசினார்கள். ‘மலைக்காரன் கடன் வசூலிக்க வந்து உக்காந்துட்டான்யா, தரகன் அசலும் குடுக்க மாட்டேங்கறான், ஆளையும் விட மாட்டேங்கறான்’ என்று. நானும் சேர்ந்து சிரித்தேன். சிரிக்கிறவனை யாரும் அதிகம் உற்றுப் பார்ப்பதில்லை.

ஒரு நாள் காட்டுக்குக் கிளம்பும் முன் மலையிலிருந்து எதிர்த்திசையில் அரை நாள் நடந்து என் வீட்டுக்கு வந்தான்.

“கையக் குடு.”

“எதுக்கு?”

“தங்கச்சி கையில வெறும் மூச்ச விட்டுட்டு வந்திருக்கேன். ஊருக்கு அது போதும். அவளுக்கும் தெரியும். பேரு இங்க இருக்கட்டும்.”

“எனக்கு இந்தப் பழக்கமெல்லாம் தெரியாதுப்பா.”

“தெரிய வேண்டாம். வாய மூடிட்டு இருந்தாப் போதும்.”

“தரகன்கிட்ட வாய மூடச் சொல்றே. செலவு ஆகும்.”

“ஒரு சேவல்.”

“ரெண்டு.”

சிரித்துக்கொண்டே என் உள்ளங்கையில் வாயை வைத்தான். சூடாக இருந்தது. சுண்டு விரலிலிருந்து ஒவ்வொன்றாக மடக்கிக்கொண்டு வந்து, கட்டை விரலை மட்டும் கொஞ்ச நேரம் பிடித்துக்கொண்டிருந்தான். “இது ஒண்ணு மேலதான் சந்தேகம்” என்றான்.

மனைவியின் கையில் வைக்க வேண்டியதை ஒருவன் என் கையில் வைத்துவிட்டுப் போனான். அதற்கு என்ன பெயர் என்று டத்தோவே முடிவு செய்துகொள்ளலாம். சாட்சிக்கு இரண்டு சேவல் இருந்தன. அவற்றை நான் சமைக்கவில்லை, வளர்த்தேன்.

ஒழுங்காகத்தான் காத்தேன். அதையும் எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். உப்பைக் கல்லாகவே கடித்துத் தின்றேன், உதடெல்லாம் வெடித்தது. நான் தூக்கத்தில் பேசுகிறவன். அவன் காட்டில் இருக்கும் நாட்களில் வாயில் துணியைக் கட்டிக்கொண்டு படுத்தேன். அவன் திரும்பி வந்து படியில் நிற்பான், நான் கையை விரித்து அவன் காதில் வைப்பேன், அவன் கண்ணை மூடிக்கொண்டு கேட்பான். எத்தனை தடவை கொடுத்தானோ அத்தனை தடவையும் குறையாமல் திருப்பிக் கொடுத்தேன், கடைசித் தடவையைத் தவிர.

போன பருவக்காற்றின்போது துறைமுகத் தராசை என் பொறுப்பில் விடப்போவதாக டத்தோ சொன்னீர்கள். எங்கள் வம்சத்தில் மூன்று தலைமுறை அந்தத் தராசின் கீழே நின்று கெஞ்சியவர்கள். ‘தராசு புடிக்கறவனுக்கு ஒரு குடும்பம் வேணும்’ என்றும் சொன்னீர்கள். உங்கள் வீட்டம்மா உப்பு வியாபாரியின் மகளைப் பார்த்து வைத்தார்கள். அது இருக்கட்டும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை.

அதே சமயத்தில் மலையிலும் அவனுக்குப் பெண் பேசினார்கள். மாமன் மகள். அங்கே அது கேள்வி கேட்காத முறை. வேண்டாமென்றால் மாமனுக்கு எருமைகள் கொடுத்து மன்னிப்புக் கேட்க வேண்டும். கடைசியாகப் பெயரைக் கொடுக்க வந்தபோது அவனே சொன்னான்.

“மாமா பொண்ணு. சின்ன வயசுலயே பேசி வெச்சது.”

“அழகா இருப்பாளா?”

“என்னவிட அழகு. ஒன்னவிட எங்க வீட்டு எருமைகூட அழகுதான்.”

“அப்பக் கட்டிக்க.”

“நீ சொல்றியா?”

“நான் யாருப்பா சொல்றதுக்கு. ரெண்டு சேவல் கூலி வாங்கின ஆளு.”

கையைப் பிடித்துப் பெயரைச் சொன்னான், விரல்களை மடக்கினான், போய்விட்டான்.

இனி நடந்ததை டத்தோ ஊகித்திருப்பீர்கள். அவன் போய்ச் சில நாள் கழித்து ஒரு நண்பகல். தெருவில் ஆளில்லை. கிடங்கில் தனியாக உட்கார்ந்து அந்த மாமன் மகளை நினைத்துக்கொண்டிருந்தேன். திரும்பி வந்ததும் என்னிடமிருந்து பெயரை வாங்கி அவள் கையில் கொண்டுபோய் வைப்பான் என்று நினைத்தேன். அப்போது வாயில் அந்தப் பெயர் வந்துவிட்டது. பொறாமைக்காரன் புலம்பினேன், நாக்கு தவறியது. வாய்தவறியதற்கு மலை வழக்கப்படி அபராதம் உண்டு. எவ்வளவென்று சொன்னால் கட்டிவிடுகிறேன். தாருலியை விட்டுவிடுங்கள்.

நான்தான் சொன்னேன் என்பதற்கு அத்தாட்சி கேட்கிறீர்கள். நியாயம். ஒரு தரகன் தானாக வந்து நஷ்டத்தை ஏற்றுக்கொண்டால் நானாக இருந்தாலும் சந்தேகப்படுவேன்.

தாருலியை அழைத்து அவள் அண்ணன் பெயரைக் கேளுங்கள். சொல்வாள். மலைக்காரர்கள் எல்லாரும் சொல்வார்கள். என்னால் முடியாது. வைத்திருந்தவன் வாயிலிருந்து ஒரு தடவை வெளியே போன பெயர் அவனிடம் திரும்பி வருவதில்லை. மறதி என்று நினைத்துவிடாதீர்கள். மறந்தது என்றால் யாராவது சொல்லும்போது ஞாபகம் வரும். அவளைச் சங்கிலி போட்டுக் கடற்கரை வழியாக நடத்திக் கூட்டிவந்தார்களே, அப்போது அண்ணனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு அழுதாள். தெருவே கேட்டது. எனக்கு அவள் வாய் அசைவது மட்டும் தெரிந்தது. சத்தம் வரவில்லை. எதிரே நின்ற உப்பு வியாபாரி அந்தப் பெயரைத் திருப்பிச் சொல்லிப் பரிதாபப்பட்டார், அப்போதும் வரவில்லை. வேண்டுமானால் இப்போதே யாரையாவது சொல்லச் சொல்லிவிட்டு என் முகத்தைப் பாருங்கள்.

போதும். எழுதுகிற ஐயா சொல்லிப் பார்த்தார் என்று நினைக்கிறேன். உதடு அசைந்தது.

அந்தச் சரக்கு என்னிடம்தான் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும். அவனோடு போனவர்கள் காலையில் எழுந்தபோது அவன் அவர்களோடுதான் இருந்தான். வெயில் ஏறிய பிறகு ஒரு பெரிய மரத்தடியில் பாயை விரித்துப் படுத்தான். உச்சிப் பொழுதில் அந்த மரம் தானாக மேலிருந்து கீழ்வரை பிளந்தது. பாய் மட்டும் கிடந்தது. பிளவு முழுக்க வெள்ளையாக நிறைந்திருந்தது. காடு எடுத்துக்கொண்டவனுடைய கற்பூரத்தை மலையில் வைத்திருக்கக் கூடாது, கடல்தாண்டி அனுப்பிவிட வேண்டும் என்பது விதி. அதனால் குலப் பெரியவரும் ஆட்களும் சுமந்துகொண்டு நேராக என் கிடங்குக்கு வந்தார்கள். அவன் எப்போதும் விற்கிற இடம் அதுதானே.

“நம்ம பையனோட சரக்கு” என்றார் பெரியவர். “தரகரே, எடை மட்டும் சரியாப் போடு.”

கற்பூரம் தொட்டால் குளிரும். இது குளிரவில்லை. அவர்கள் வெயிலில் சுமந்துவந்ததால் இருக்கும் என்று நினைத்து ஒரு நாள் முழுவதும் நிழலில் வைத்திருந்தேன். மறுநாளும் அப்படியேதான் இருந்தது. நெஞ்சோடு ஒரு கோழிக்குஞ்சைப் பிடித்திருந்தால் எவ்வளவு சூடு இருக்குமோ அவ்வளவு.

சலித்தேன். தொழில் அதுதானே. தலை ஒரு குவியல், வயிறு ஒரு குவியல், கால் ஒரு குவியல். கட்டை விரலை விளிம்பில் வைக்கவில்லை. அத்தனை நேர்மையாக நான் ஒரு சரக்கையும் பிரித்ததில்லை. குலப் பெரியவர் பார்த்துக்கொண்டே இருந்துவிட்டு, ‘நல்ல கைய்யா ஒனக்கு’ என்று சொன்னார்.

டத்தோ இப்போது கேட்கும் கேள்வியை நான் எதிர்பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மலை வழக்கத்தை நீங்கள் இவ்வளவு ஆழமாக அறிந்திருப்பீர்கள் என்று நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

உண்மைதான். வாய்தவறியது மட்டும் ஒருவனைக் கொன்றுவிடாது. கூப்பிடப்பட்டவன் வருவான். எத்தனை மலைக்கு அப்பால் இருந்தாலும் கூப்பிட்டவர் வாசலில் அந்த நேரமே வந்து நின்று, கூப்பிட்டாயா என்று ஒரே ஒரு தடவை கேட்பான். ஆமாம், உள்ளே வா என்று சொல்லிவிட்டால் மறுபடியும் மனிதன்தான். காடு மட்டும் அவனுக்கு மூடிப்போகும், பிழைப்புப் போகும், புருஷன் மிஞ்சுவான். மலையில் அப்படி வீட்டோடு இருக்கிற ஆண்கள் சிலர் உண்டு, கோழி மேய்த்துக்கொண்டு. வாசலில் பதில் கிடைக்காவிட்டால்தான் திரும்பிப் போய் மரத்துக்குள் நுழைகிறான். தாருலி மேல் இருக்கிற குற்றச்சாட்டும் அதுதான். அன்று உச்சிப் பொழுதில் அவள் வீட்டில் ஆளே இல்லை என்று அக்கம்பக்கத்தார் சொல்லிவிட்டார்கள். எங்கே போயிருந்தாள் என்று கேட்டால் அவள் பேச மாட்டேன் என்கிறாள்.

அவள் என் வீட்டில் இருந்தாள்.

சற்று முன்பு கிடங்கில் தனியாக இருந்தேன் என்று சொன்னேன். அதை அடித்துவிடச் சொல்லுங்கள். ஆற்றுப் படகில் காலையிலேயே வந்துவிட்டாள். படியில் உட்கார்ந்து பாதத்தைத் தேய்த்துக்கொண்டே பேசினாள். அவளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம்.

“அண்ணே, அண்ணன் அந்தப் பொண்ண வேண்டான்னுடுச்சு. காட்டுக்குப் போறதுக்கு முன்னாடி மாமா மூஞ்சிக்கு நேராவே சொல்லிட்டுத்தான் போயிருக்கு.”

“என்னன்னு சொன்னான்?”

“‘என் பேரு ஏற்கெனவே ஒரு வீட்டுல இருக்கு’ன்னு. யாரு வீடுன்னு மாமா குதிச்சாரு. வாயத் தொறக்கலயே. இந்தத் தடவ கெடைக்கறத வித்து எருமையக் குடுத்துட்டு, பாயையும் தலகாணியையும் சுருட்டிக்கிட்டு நேரா இங்கதான் வருமாம். இனிமே காட்டுக்குப் போகாதாம். பேரத் திருப்பியும் வாங்காதாம், ஒங்ககிட்டயே இருக்கட்டுமாம். யாரு வீடுன்னு அப்ப சொல்லுமாம்.”

“யாருகிட்ட?”

“எல்லாருகிட்டயுந்தான். சந்தையில வெச்சு. ஒங்களுக்குச் சந்தைன்னாத்தான் மரியாத தெரியும்னு சொல்லிச் சிரிச்சுது. மொதல்லயே சொல்லிட்டா ஓடிருவீங்கன்னு என்னையும் சொல்லக் கூடாதுன்னுச்சு. எனக்கு வயித்துல நிக்கல.”

நானும் சிரித்தேன். சோறும் புளித்த மீனும் போட்டேன். படகுக்காரனுக்குக் கூலியும் நானே கொடுத்தேன். நீர் ஏறினால்தான் படகு திரும்பும் என்பதால் வீட்டுக்கு அடியில் தூண்களின் நிழலில் அவள் படுத்துத் தூங்கிவிட்டாள். அண்ணன் ரகசியத்தைக் காப்பாற்றுவதாக நினைத்துக்கொண்டுதான் இன்றைக்கும் வாயை மூடிக்கொண்டிருக்கிறாள். என்னைச் சந்தேகிக்க அவளுக்குத் தோன்றவில்லை. வாய்தவறியிருந்தால் நான் கதவைத் திறந்திருப்பேன் என்று அவளுக்கு நிச்சயம்.

ஆகவே பொறாமை என்று எழுதியதையும் அடித்துவிடச் சொல்லுங்கள். பொறாமைப்பட எனக்கு ஒன்றுமே மிச்சம் வைக்காமல் அவன் எல்லாவற்றையும் கொண்டுவந்து கொடுக்கப்போகிறான் என்று தெரிந்த பிறகுதான் நான் அதைச் செய்தேன். அவன் என்னை விட்டுப் போகிறான் என்பதற்காக இல்லை. வருகிறான் என்பதற்காக. பாயும் தலையணையுமாக, சந்தை நடுவே, டத்தோவின் ஆட்கள் பார்க்க. அதற்குப் பிறகு தராசு ஏது, உப்பு வியாபாரி வீடு ஏது. கூடச் சேர்ந்து சிரிக்கிறவனாக நான் இருக்க முடியாது, என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அவனைக் கூப்பிட்டுச் சொல்லித் தடுத்திருக்கலாமே என்பீர்கள். அவன் முகத்தைப் பார்த்து வேண்டாம் என்று சொல்ல எனக்கு வராது. அவனிடம் மட்டும் எனக்குப் பேரம் படிந்ததே இல்லை.

நாக்கு தவறவில்லை. எழுந்து கையைக் கழுவினேன். கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டேன். சோறு போட்டாயிற்று, வா என்று அடுத்த அறையில் இருக்கிறவனைக் கூப்பிடுகிற குரலில் அவன் பெயரைச் சொன்னேன்.

நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரம் வந்தான். படியேறுகிற சத்தம் கேட்டது. கதவிடுக்கில் கற்பூர வாசனை வந்தது. மூச்சு வாங்கிக்கொண்டு நின்றான்.

“கூப்ட்டியா?”

அவன் குரலில் பயம் இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். சந்தோஷம் இருந்தது. தங்கை வந்து சொல்லிவிட்டாள், கேட்ட சந்தோஷத்தில் பொறுக்க முடியாமல் கூப்பிட்டுவிட்டேன் என்று நினைத்துக்கொண்டு வந்திருக்கிறான். பிழைப்புப் போய்விட்டதே என்றுகூட அவனுக்கு இல்லை. கதவுக்கு இந்தப் பக்கம் ஒரு கை அகலத்தில் நான் நின்றுகொண்டிருந்தேன்.

“இல்லையே” என்றேன்.

உச்சி வெயிலில் சரக்கோடு வந்து கதவைத் தட்டுகிறவர்களிடம் இன்றைக்கு வாங்கவில்லை என்று சொல்வேனே, அந்தக் குரல்தான். “சரி” என்றான். நான் சொன்னதை நம்பினான் என்று நினைக்கிறேன். கேட்டது தன் காதின் தவறுதான் என்று நினைத்துப் படியிறங்கிப் போனான். தூங்குகிற தங்கையைத் தாண்டித்தான் போயிருக்க வேண்டும். சற்றுக் கழித்து அவள் எழுந்து மேலே வந்து, “கற்பூர வாசன அடிக்குதே, சரக்கு வந்திருக்காண்ணே?” என்று கேட்டாள். பழைய சரக்கு என்று சொன்னேன்.

கணக்கை முடித்துவிடுகிறேன். தலை நாகப்பட்டினத்துக் கப்பலில் போயிற்று. வயிறு சீனக் கப்பலில். காலை ஒரு குஜராத்திக்காரர் வாங்கினார். மாமன் வீட்டுக்கு எருமைகள் போய்ச் சேர்ந்துவிட்டன, மூக்கன் பெயரில் இல்லை, சரக்கின் பெயரில். தாருலிக்கு ஒரு பங்கு எடுத்து வைத்தேன், அவள் வாங்க மறுத்துவிட்டாள், அந்தப் பை இதோ உங்கள் முன்னால் இருக்கிறது. மீதியைத் தொடவில்லை என்று சொல்ல ஆசைதான். தொட்டேன், வீட்டுக்குக் கூரை மாற்றினேன். அதற்குப் பிறகு நீங்கள் என்னிடம் ஒப்படைத்த தராசையும் படிக்கற்களையும் திருப்பித் தருகிறேன். கற்கள் சரியாக இருக்கின்றன, இரண்டைத் தவிர. அவை எவையென்று காட்டித் தருகிறேன். கல்யாணம் நடக்கவில்லை, அதனால் உப்பு வியாபாரிக்கு என்னால் செலவு எதுவும் ஆகவில்லை. தாருலி பேரில் ஒன்றும் இல்லை, அவள் பக்கத்தை நேர் செய்து மூடிவிடுங்கள். எல்லாவற்றையும் கூட்டிக் கழித்தால் என் பேரில் பாக்கி நிற்பது ‘ஆமா’ என்கிற ஒரு சொல். அதை வாங்க வேண்டியவன் வாசல்வரை வந்து கேட்டுவிட்டுப் போயிருக்கிறான்.